ஏழாம்பட்டித் துண்டு விதி

காலையில் முதல் குடியிருப்புக் குமிழிலிருந்து கிளம்பிய நகரப் பேருந்தில் உட்கார இடமில்லை. ஆனால் வண்டிக்குள் நடத்துநரைத் தவிர ஓர் ஆள்கூட இல்லை. இருக்கைக்கு இருக்கை துண்டுகள்தான் உட்கார்ந்திருந்தன. ஜன்னலோரத்தில் தேங்காய்ப்பூத் துண்டு, அதன் பக்கத்தில் கட்டம் போட்டது, பின்னால் ஓரம் நைந்துபோன ஈரிழைத் துண்டு. கடைசி நீள இருக்கையில் யாரோ ஒரு கைக்குட்டையை மூன்று பேர் இடத்துக்கு இழுத்து விரித்திருந்தார்கள்.

செவ்வாய்க் கிரகத்தில் ஏழாம்பட்டிக்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சி. விடிந்ததும் வீட்டு ஏவலன்கள், அதாவது பாத்திரம் தேய்க்கவும் காற்று வடிகட்டியைத் துடைக்கவும் வாங்கி வைத்திருக்கும் குட்டி இயந்திரங்கள், ஆளுக்கொரு துண்டோடு நிறுத்தத்தில் வந்து நிற்கும். வண்டி வந்ததும் ஜன்னல் வழியாகத் துண்டை வீசிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடும். வீட்டுக்காரர் சாவகாசமாகக் காப்பி குடித்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஆனால் வண்டியை ஓட்டுவது வண்டியேதான். அதன் இருக்கைக் கணிப்பானுக்கு ஆளும் துண்டும் ஒன்று. இடம் காலியில்லை என்று கண்டதும் அது எங்குமே நிற்காமல் குழாய்ப்பாதையில் பறந்தது. துண்டுகளெல்லாம் நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தன. ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

அப்படி நின்றவர்களில் ஒருத்தி அங்கயற்கண்ணி. ஏழாம்பட்டி நகராட்சியின் முதல் ஆணையர் அவள்தான். காதுக்குள் பதித்திருந்த செவிமணியைத் தட்டி நடத்துநரைக் கூப்பிட்டாள்.

"என்னண்ணே இது? நான் கையைக் காட்டுறேன், வண்டி பாத்தும் பாக்காத மாதிரி போகுது!"

"வண்டி ஃபுல்லு மேடம்" என்றார் சகாயராஜ்.

"உள்ள யாரு இருக்கா?"

"நான் இருக்கேன். மத்தபடி எல்லாம் துண்டுதான்."

"எடுத்துக் கீழ போட வேண்டியதுதானே?"

"நல்லாருக்கே! அடுத்தவன் துண்டுல கை வச்சுட்டு இந்த ஊர்ல நான் குடியிருக்க முடியுமா? இட்லிக்கடைப் பேச்சியம்மா துண்டு வேற கெடக்கு. வேணும்னா நீங்களே வந்து எடுத்துக்கோங்க."

தானாக ஓடும் வண்டிக்கு நடத்துநர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சண்டை போட ஓர் ஆள் இல்லாத வண்டியில் ஏறமாட்டோம் என்று ஊரே சொல்லிவிட்டது. அதனால்தான் சகாயராஜ்.

துண்டு போடும் இந்தப் பழக்கத்தை நினைத்தால் அங்கயற்கண்ணிக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வரும். கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண் வெறிச்சென்று கிடக்கிறது. ஒரு முழுக் கிரகம், கேட்பாரில்லை. அதில் காற்றடைத்த நாலு குமிழுக்குள் வாழும் ஒரு கையளவு ஜனம், இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து துண்டு போடுகிறது. முன்னோர்கள் பூமியை விட்டுக் கிளம்பியபோது எதை எதையோ எடை பார்த்து விட்டுவிட்டு வந்தார்கள். இதை மட்டும் மறக்காமல் ஏற்றிக்கொண்டார்கள்.

முந்தின ஆண்டு வரை ஊருக்குப் பெயரே கிடையாது. சுரங்க நிறுவனத்தின் ஏழாம் முகாம், அவ்வளவுதான். நகராட்சி ஆன பிறகு பெயர் வைக்கக் கூட்டம் போட்டார்கள். செம்பொன்நகர், விண்ணகரம் என்று தமிழ்ப்பற்றுள்ளவர்கள் அடுக்கிக்கொண்டே போனார்கள். ஊர் வாயில் ஏழாம்பட்டிதான் நின்றது. தெருவிளக்கு வந்தது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வந்தது, பேருந்து வந்தது. நகரம் என்றால் தெருநாய் வேண்டாமா என்றுகூட ஒருவர் மனுக் கொடுத்தார். எலிவளை ஆனாலும் தனிவளை வேண்டும் என்பார்களே, அந்தச் சந்தோஷம் எல்லார் முகத்திலும் இருந்தது.

தண்ணீர் மட்டும் வரவில்லை. அதாவது, சொந்தத் தண்ணீர். குழாய் இன்னும் நிறுவனத்தின் கையில்தான் இருந்தது.

அந்தக் குழாயை அங்கயற்கண்ணிக்கு நன்றாகத் தெரியும். அவள் சிறுமியாக இருந்தபோது அவள் அப்பா மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசிவிட்டார். அன்று சாயங்காலம் அவர்கள் வரிசைக்கு மட்டும் குழாய் வற்றிப்போனது. பக்கத்து வரிசைக்காரர்கள் மாவுத் தூக்கில் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைத்தான் குடித்தார்கள். மறுநாள் அப்பா போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்று மன்னிப்புக் கேட்டார். குழாய் உடனே திறந்தது. அந்தத் தண்ணீரை அப்பா கடைசி வரை வாய் வைத்துக் குடித்து அவள் பார்த்ததில்லை. தலையை நிமிர்த்தி, உதடு படாமல் ஊற்றிக்கொள்வார்.

நகர உரிமை கொடுத்த கிரக ஒன்றியம் ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்திருந்தது. முதல் ஆண்டு முடிவதற்குள் நகரத்துக்குச் சொந்தமாக ஒரு நீராதாரம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் உரிமை ரத்து. ஏழாம்பட்டி மறுபடியும் ஏழாம் முகாம்.

ஆண்டு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

தண்ணீர் இல்லாமலும் இல்லை. மூன்றாம் குமிழின் காற்றுப்பூட்டைத் திறந்து வெளியே கொஞ்சத் தூரம் நடந்தால் ஒரு மேடு வரும். அதன் அடியில் நல்ல உறைபனிப் படுகை இருந்தது. ஊரே ஏழு தலைமுறை குடிக்கலாம், குளிக்கலாம். ஆனால் மேட்டின் உச்சியில் ஒரு கொடி இருந்தது. யாரும் செவ்வாய்க்கு வராத காலத்தில் பூமியிலிருந்து முன்னோடிக் கூட்டமைப்பு என்ற ஒரு பெரிய நிறுவனம் அனுப்பிய ஆளில்லா வண்டி நட்டுவிட்டுப் போன கொடி அது. வெயில் பட்டு வெளுத்து, அதில் என்ன வரைந்திருந்தது என்றே தெரியவில்லை. கூட்டமைப்பிலிருந்து அதற்குப் பிறகு ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. ஆனால் நகராட்சி துளையிட அனுமதி கேட்ட அன்றே பூமியிலிருந்து பதில் வந்துவிட்டது: அந்த இடம் எங்களுடையது, கொடி நட்டிருக்கிறோமே, தெரியவில்லையா?

வழக்கு நடுவனுக்குப் போனது. நடுவன் என்பது ஒன்றியத்தின் தீர்ப்பு இயந்திரம். இந்தப் பதவிக்கு மனிதர்களை வைக்காததற்குக் காரணம் எளிது. செவ்வாயில் ஒரு மனையாவது வாங்கிப் போடாத மனித நீதிபதி ஒருவரும் பூமியில் அகப்படவில்லை.

இதற்கு நடுவே அங்கயற்கண்ணி பேருந்துக்கு ஒரு வழி செய்தாக வேண்டியிருந்தது. ஆணையராகி அவள் எழுதிய முதல் நகரச் சட்டம் அதுதான். ஊர் அதற்குத் துண்டு விதி என்று பெயர் வைத்தது. துண்டு போட்டு இடம் பிடிக்கலாம், தடையில்லை. நடத்துநரின் முதல் விசிலுக்குப் பின் இரண்டாவது விசில் ஊதுவதற்குள் துண்டுக்குரியவர் வந்து உட்கார வேண்டும். வராவிட்டால் இடம் நிற்பவருக்கு, துண்டு நடத்துநருக்கு. அதுவரை அடுத்தவர் துண்டை யாரும் தொடக்கூடாது. நகராட்சி இயந்திரங்களும் தொடக்கூடாது.

முதல் வாரம் வழிக்கு வரவில்லை. "விசில் கேக்கலையே!" என்றார்கள் எல்லாரும். அங்கயற்கண்ணி விடவில்லை. சகாயராஜின் விசிலை ஊரிலுள்ள எல்லாச் செவிமணிக்கும் இணைத்துவிட்டாள். அவர் ஊதினால் சமையலறையில் இருப்பவருக்கும் குளியலறையில் இருப்பவருக்கும் காதுக்குள்ளேயே ஊதும். கேட்கவில்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. அப்புறம்தான் வண்டி ஒழுங்காக ஓடத் தொடங்கியது. அதற்குள் சகாயராஜ் வீட்டில் குவிந்த துண்டுகளில் ஜன்னலுக்கெல்லாம் திரை தைத்தாகிவிட்டது.

நடுவன் வந்த அன்று விண்துறையிலிருந்து அதே வண்டியில்தான் வந்தது. மூன்று கால், மெலிந்த உடம்பு, உச்சியில் ஒற்றைக் கண். ஏறியபோது எல்லா இடத்திலும் துண்டு கிடந்ததால் ஒன்றியத்தின் தலைமை நீதி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. சகாயராஜ் இரண்டாவது விசில் ஊதிவிட்டு, ஆள் வராத ஒரு ஜன்னலோரத் தேங்காய்ப்பூத் துண்டைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். "ஐயா, இங்க உக்காருங்க" என்றார். அது காலை மடக்கி உட்கார்ந்தது. வண்டி கண்ணாடிக்குழாய்ப் பகுதியில் போகும்போது அதன் கண் வெளியே திரும்பி, மன்றம் வரும்வரை உள்ளே திரும்பவில்லை.

விசாரணை நகர மன்றத்தில் நடந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. கூட்டமைப்பின் வழக்கறிஞர் பூமியிலிருந்து குரலாக மட்டும் வந்தார். அவர் சொன்ன ஒரு வாக்கியம் செவ்வாய்க்கு வந்து சேரக் கால் மணி நேரம் ஆனது. ஆகவே அங்கயற்கண்ணி பேசி முடித்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, வியர்வையைத் துடைத்த பிறகு "ஆட்சேபிக்கிறேன்!" என்று கூரையிலிருந்து ஒரு சத்தம் வரும். எதற்கு ஆட்சேபிக்கிறார் என்பது அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அவள் நன்றாகத்தான் பேசினாள். தாகத்தைப் பற்றிப் பேசினாள், நியாயத்தைப் பற்றிப் பேசினாள், மூடிய குழாயைப் பற்றிப் பேசினாள். கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நடுவனுக்குக் கண் ஒன்றுதான், அதுவும் கலங்குவதில்லை.

"இரக்கம் சட்டமாகாது" என்றது அது. "இங்கே கேள்வி ஒன்றே. ஓர் இடத்தில் அடையாளம் வைத்துவிட்டு வராமல் இருப்பவருக்கு அந்த இடம் எவ்வளவு காலம் சொந்தம்? இதைப் பற்றி இந்தக் கிரகத்தில் எழுதப்பட்ட சட்டம் ஏதாவது உண்டா?"

பூமியின் சட்டப் புத்தகங்களெல்லாம் கொடி வைத்தவன் பக்கம். தோற்றுவிட்டோம் என்றுதான் அங்கயற்கண்ணி நினைத்தாள். கூட்டத்தில் பாசிப் பண்ணையில் வேலை பார்க்கும் தன் கணவன் தவசி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவனுக்குப் பின்னால் வாசலருகே, ஒரு துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு சகாயராஜ் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா" என்றாள் அவள். "காலைல வண்டில வந்தீங்களே, எப்படி உக்காந்தீங்க?"

நடுவனின் ஒற்றைக் கண் சகாயராஜின் அக்குளுக்குத் திரும்பி அங்கேயே நின்றது. அது யோசிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு ஒன்றியத்தில் யாரும் பார்த்ததில்லை.

"துண்டு விதி" என்றது கடைசியில். "நகரச் சட்டம் ஒன்று. நடைமுறையில் உள்ளது. என் மீதே செயல்படுத்தப்பட்டது." அதன் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "கொடி என்பது கழியில் கட்டிய துண்டு. மக்கள் வந்து குடியேறியது முதல் விசில். தலைமுறைகள் கடந்தும் கொடிக்குரியவர் வந்து உட்காரவில்லை. ஆகவே இடம் நிற்பவருக்கு."

மன்றம் எழுந்து கூத்தாடியது. பேச்சியம்மா குலவையிட்டாள். நடுவன் கண்ணைச் சுழற்றி அமைதி வரும்வரை காத்திருந்தது.

"இன்னும் முடியவில்லை. அதே விதி நகரத்துக்கும் பொருந்தும். நீங்களும் இதுவரை அங்கே உட்காரவில்லை; ஆசைப்பட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். இன்று மாலை என் கப்பல் கிளம்புவதற்குள் உங்கள் துளையான் பனியைத் தொட வேண்டும். தொடாவிட்டால் உங்கள் உரிமையும் வெறும் துண்டு."

"ஆட்சேபிக்கிறேன்!" என்றது கூரை. அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. எல்லாரும் வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் ஏன் அப்படி ஓடியது என்று அங்கயற்கண்ணி யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. துளையானைக் கிளப்பி, குழாய்களை ஏற்றி, வெளியுடை மாட்டிக்கொண்டு காற்றுப்பூட்டைத் தாண்டி அவள் மேட்டுக்குப் போய்ச் சேரப் பிற்பகலாகிவிட்டது. நடுவனும் கூடவே வந்தது. துளையான் மேட்டின் அடிவாரத்தில் சடக்கென்று நின்றுவிட்டது.

"ஏன் நிக்குது?" என்றாள்.

"முன்னால் துண்டு இருக்கிறது" என்றது துளையான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேட்டில் செம்மண்ணே தெரியவில்லை. அடியிலிருந்து உச்சி வரை துண்டுகள். காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். தண்ணீர் ஊறும் இடத்தை ஒட்டி நாளைக்கு மனை பிரிப்பார்கள் என்று யாரோ ஒருவர் கிளப்பிவிட்டிருக்கிறார். பந்திக்கு முந்து என்று ஏவலன்கள் படையெடுத்திருக்கின்றன. துண்டு தீர்ந்துபோனவர்கள் தலையணை உறையைப் போட்டிருந்தார்கள். ஒரு சேலை, முந்தானை முதல் உள்கட்டு வரை, முழு நீளத்துக்கு விரித்துக் கிடந்தது. ஒரு துணுக்கு இடத்தில் குழந்தைத் தொப்பி ஒன்று. இன்னும் பிறக்காத ஏதோ பிள்ளைக்கு அந்த வீட்டார் இப்போதே இடம் பிடித்துவிட்டார்கள்.

கொடி நட்டவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வந்து ஒரு வேளைச் சோறுகூட ஆகவில்லை. அங்கயற்கண்ணிக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியுடைக்குள் அழுதால் துடைக்கவும் முடியாது.

"நான்தான் சொன்னேன்னு உள்ள போ" என்று துளையானிடம் கத்தினாள்.

"விசிலுக்கு முன் நகராட்சி இயந்திரங்கள் துண்டைத் தொடக்கூடாது" என்றது அது பணிவாக. "உங்கள் கையெழுத்து, ஆணையரே."

சூரியன் சரிந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லை. சகாயராஜைக் கூப்பிட்டாள். "அண்ணே, ரெண்டு விசிலும் ஊதுங்க. ஆள் வராத துண்டையெல்லாம் அள்ளிருவோம்."

"வண்டி எங்க மேடம்?"

"இந்த மேடுதான் வண்டி. ஊதுங்க!"

அவர் முதல் விசிலை ஊதினார். அது ஊரிலுள்ள எல்லாக் காதுக்குள்ளும் ஊதியது. அவள் கணக்கில் தப்பு அங்கேதான். பேருந்துக்கு வராத ஜனம் இதற்கும் வராது என்று நினைத்துவிட்டாள். மனை என்றால் செத்த பிணமும் எழுந்து வரும் என்பது அவளுக்குத் தெரியாததா? காற்றுப்பூட்டு திறந்தது. வெளியுடை மாட்டிய ஏழாம்பட்டி மொத்தமும் மேட்டை நோக்கித் திபுதிபுவென்று ஓடி வந்தது. இரண்டாவது விசில் ஊதும்போது மேட்டில் அநேகமாகத் துண்டே தெரியவில்லை, எங்கு பார்த்தாலும் ஆள். வெளியுடையில் எல்லாரும் ஒரே மாதிரி இருந்ததால் யார் துண்டில் யார் உட்கார்ந்தார்கள் என்று செவிமணி முழுக்கச் சண்டை.

"சட்டப்படி இப்போது இடம் இவர்களுக்குச் சொந்தம்" என்றது நடுவன். "இவர்களை எழுப்ப எந்த விதியும் இல்லை."

அங்கயற்கண்ணி மேட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். எதிரே ஒரே ஒரு துண்டு மட்டும் ஆளில்லாமல் கிடந்தது. நீலக் கட்டம், ஓரத்தில் காப்பிக் கறை. அந்தக் கறையை அவளுக்குத் தெரியும். இரண்டு தரம் ஊறவைத்துத் துவைத்தும் போகவில்லை. வீட்டில் குளியலறைக் கொடியில் தொங்குகிற துண்டு.

பாசிப் பண்ணையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த ஒரு வெளியுடை அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"எல்லாரும் போடுதாங்களேன்னு..." என்றது தவசியின் குரல்.

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டத் தெம்பு இல்லை. அந்தத் துண்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். ஆணையராக அவள் செய்வதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. நீண்ட நாள் நின்றுகொண்டே வந்த பயணி ஒருத்தி உட்கார்ந்தாள், அவ்வளவுதான். உட்கார்ந்ததும், பக்கத்தில் கணவன் நிற்பதைப் பார்த்ததும், பிறந்ததிலிருந்து எத்தனையோ வண்டியில் சொன்ன வார்த்தை தானாக வாயில் வந்தது. பக்கத்து வெளியுடையை முழங்கையால் இடித்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

"யாரு, அங்கயற்கண்ணியா?" பேச்சியம்மாவின் குரல். "ஒக்காரு தாயி, ஒக்காரு. ரெண்டு பேரு எடத்துல மூணு பேரு ஒக்காரப்படாதா? ஏ, அந்தால நவுருங்க! ஆணையரு வீட்டுக்காரரு நிக்காரு பாருங்க!"

பேச்சியம்மா நகர்ந்தாள். அவளுக்கு அடுத்தவர் முனகிக்கொண்டே நகர்ந்தார். "இன்னும் கொஞ்சம்" என்று யாரோ சொன்னார்கள். "மடியில வச்சுக்கிடுதேன், பிள்ளைய இங்க குடு" என்றது இன்னொரு குரல். "கர்ப்பிணி நிக்காங்க, எடம் விடுங்கப்பா." தவசி உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு துண்டின் நடுவே இருந்தவன் ஓரத்துக்கு நகர்ந்து பக்கத்திலிருந்தவன் மேல் சாய்ந்துகொண்டான். சண்டை எப்போது நின்றது என்று தெரியவில்லை. உட்கார இடம் கிடைத்துவிட்டது என்கிற நிம்மதி வந்ததும், தங்கள் மேல் ஏறி உட்கார்ந்தவரைப் பற்றி யாருக்கும் குறையில்லை.

"துளையான் பாவம் நின்னுக்கிட்டே இருக்கு" என்றாள் அங்கயற்கண்ணி. "அதுக்கும் ஒரு எடம் விடுங்களேன்."

மேடே ஒரு தரம் அசைந்தது. உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரு பாதை பிரிந்தது. துளையான் "மன்னிக்கவும், மன்னிக்கவும்" என்று சொல்லிக்கொண்டே, இரண்டு பக்கமும் மடக்கிய முழங்கால்களுக்கு நடுவே ஏறிப் போய், கொடியின் பக்கத்தில் உட்கார்ந்து துளையிடத் தொடங்கியது.

வெயில் மறைவதற்குச் சற்று முன் துளைவாயிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்தது. செவிமணியில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இனி எவனும் மூட முடியாத தண்ணீர். அங்கயற்கண்ணி அப்பாவை நினைத்துக்கொண்டாள். அவர் இருந்திருந்தால் இந்தத் தண்ணீரை வாய் வைத்துக் குடித்திருப்பார் என்று தோன்றியதும் அவளுக்குத் தாங்கவில்லை. தவசியின் தோளில் தலைக்கவசத்தை மோதிக்கொண்டு அழுதாள்.

"ஒரு விளக்கம் வேண்டும்" என்றது நடுவன். அது இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. "கேட்டால் நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். அப்படியானால் துண்டு எதற்கு?"

பேச்சியம்மாதான் சொன்னாள். "துண்டு கெடந்தா, நமக்கும் ஒரு எடம் இருக்குங்கிற ஒரு தைரியம். வேற என்னய்யா? சரி, நீங்க ஏன் நிக்கிய? இங்கன வாங்க." அவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். ஒன்றியத்தின் தலைமை நீதி மூன்று காலையும் மடக்கி, இட்லிக்கடைக்காரிக்கும் பாசிப் பண்ணைக்காரனுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? கிளம்பும்போது பொன்னாடை போர்த்தவேண்டும் என்றார்கள். பொன்னாடைக்கு எங்கே போவது? சகாயராஜ் காலையில் விதிப்படி தனக்கு வந்த அந்தத் தேங்காய்ப்பூத் துண்டையே உதறிப் போர்த்திவிட்டார். அது யாருடைய துண்டோ, அவரும் கூட்டத்தில்தான் இருந்தார், கைதட்டினார். நடுவன் வண்டியில் ஏறி, அதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கண்ணாடிக்குழாய் முடியும்வரை வெளியே பார்த்தபடி விண்துறைக்குப் போய்ச் சேர்ந்தது.

வண்டி திரும்பக் கிளம்பியபோது சகாயராஜ் வழக்கம்போல இரண்டு விசிலும் கொடுத்துவிட்டு இருக்கைகளைப் பார்த்தார். ஜன்னலோர இடத்தில் அந்தத் துண்டு இருந்தது. கைதவறி விட்டதாகத் தெரியவில்லை. நாலு முனையும் இழுத்து, சுருக்கமில்லாமல், இருக்கை முழுக்க விரித்துப் போட்டிருந்தது. கப்பல் அதற்குள் கிளம்பிவிட்டது. ஒன்றியத்தில் ஆயிரத்தெட்டு ஊர், ஆயிரத்தெட்டு வழக்கு. அது மறுபடி ஏழாம்பட்டிப் பக்கம் வருமா என்பது நிச்சயமில்லை. ஆனால் இயந்திரங்கள் எதையும் மறந்து வைத்துவிட்டுப் போவதில்லை.

அவர் செவிமணியைத் தட்டினார். "மேடம், நடுவரய்யா சீட்டுல துண்டு போட்டுட்டுப் போயிருக்காரு. என்ன செய்யட்டும்? வண்டில நாலஞ்சு பேரு நிக்காங்க. விதிப்படி எடம் அவங்களுக்கு, துண்டு எனக்கு."

மறுமுனையில் யாரோ தண்ணீர் மொண்டு குடிப்பது கேட்டது.

"ரெண்டாவது விசில் ஊதிட்டீங்களா?" என்றாள் துண்டு விதியை எழுதிய ஆணையர்.

"ஊதியாச்சே மேடம். ஊருக்கே கேட்டிருக்குமே."

"எனக்குக் கேக்கலண்ணே."

சகாயராஜ் அந்தத் துண்டைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யோசிச்சுப் பாத்தா" என்றார், "எனக்கே சரியாக் கேக்கல மேடம்."